பெருங்காயத்திலும் கோதுமை: சீலியாக் கேள்வி பதில்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தி அவர்களுடைய சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். இப்போதைக்கு உணவுக் கட்டுப்பாடு ஒன்றுதான் இதற்குச் சிகிச்சை. சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. சீலியாக் என்று உறுதியாகி எட்டு மாதம் ஆகிறது. சப்பாத்தி, பூரி, பிரெட், பிஸ்கட் எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்திவிட்டோம். இட்லி, தோசை, சாம்பார் சாதம், ரசம் சாதம்தான் கொடுக்கிறோம். ஆனாலும் டிடிஜி (சீலியாக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு சரியாகக் குறையவில்லை, வயிறு உப்புசமும் போகவில்லை. எங்கே தவறு செய்கிறோம்?
— வாசகி, கொளத்தூர்

பதில்: கண்ணுக்குத் தெரிந்த கோதுமையை நிறுத்திவிட்டீர்கள் அம்மா. தெரியாத கோதுமை இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. முதலில் பெருங்காய டப்பாவை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயப் பிசினின் காரம் தாங்க முடியாததால், கோந்தும் மாவும் கலந்துதான் விற்பார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. சிலவற்றில் அரிசி மாவு இருக்கும்.

சிட்டிகைப் பெருங்காயம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் டீஸ்பூன் என்பது சுமார் ஒரு கிராம். அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால் குளூட்டன் மட்டும் 40 முதல் 50 மில்லிகிராம் வரும். நான்கு பேர் சாப்பிடும் சாம்பாரில் உங்கள் மகளின் பங்கு 10 மில்லிகிராமை எட்டிவிடும். அதே நாளில் ரசம், தயிர் சாதத் தாளிப்பு, தோசை மிளகாய்ப் பொடி என்று இன்னும் மூன்று இடங்களில் பெருங்காயம் விழுகிறது. நாள் முழுவதும் சேர்த்து 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குக் குடல் கெடுவதில்லை. தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே, சிறுகுடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சிதைகின்றன என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 50 மில்லிகிராம் எவ்வளவு என்றால், ஒரு சப்பாத்தியை ஐம்பது துண்டாக்கி அதில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

பெருங்காயத்தை விட்டுவிட வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் மாவு கலக்காத பால் பெருங்காயம் என்று கேட்டு வாங்குங்கள். ஈரப்பசையோடு ஒட்டும், வாடை தூக்கும். ஒரு பானை சாம்பாருக்கு மிளகில் பாதி போதும். எண்ணெயில் பொரித்தோ வெந்நீரில் கரைத்தோ சேர்க்கலாம். இல்லையென்றால், அரிசி மாவு மட்டும் சேர்த்ததாக அட்டையில் அச்சிட்டிருக்கும் தூளை வாங்கலாம்.

அடுத்தது பாலில் கலக்கும் பவுடர். ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்றவற்றில் மால்ட் இருக்கிறது. மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. சில கார்ன்ஃப்ளேக்ஸில் மக்காச்சோளத்தோடு மால்ட் சாறும் சேர்ந்திருக்கும். சத்துமாவில் கோதுமையும் பார்லியும் இல்லாமல் இருப்பது அபூர்வம். மைதா கலந்த அப்பளமும் விற்பனையில் உண்டு. அதைவிட, பூரி சுட்ட எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் அதில் அப்பளம் பொரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் ரொம்ப சாதாரணம். அந்த எண்ணெயில் பூரி மாவு மிதக்கிறது.

பள்ளிக்கூடத்தையும் விசாரியுங்கள். டப்பா மாற்றிச் சாப்பிடுகிறாளா, பிறந்தநாள் கேக் வாங்கிக்கொள்கிறாளா, பிளே-டோ களிமண்ணில் விளையாடுகிறாளா? பிளே-டோவில் கோதுமை மாவு உண்டு. விளையாடிய கையைக் கழுவாமல் வாயில் வைத்தால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

முதல் பரிசோதனையில் டிடிஜி மிக அதிகமாக இருந்திருந்தால், இயல்பு நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் இறங்குமுகம் தெரிய வேண்டும். மேலே சொன்னவற்றைச் சரிசெய்துவிட்டு, மூன்று நான்கு மாதத்தில் மறுபடி எடுத்துப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இடியாப்ப மாவு, ராகி மாவு எல்லாம் தெருமுனை மில்லில்தான் அரைக்கிறோம். நம் அரிசியைக் கண்ணெதிரே போட்டு அரைத்தால் பயமில்லைதானே?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பயம் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால், கல் இடுக்கிலும் மாவு விழும் துணிக் குழாயிலும் தங்கிய மாவு உங்கள் பாத்திரத்தில்தான் முதலில் விழும். பல மில்களில் மிளகாய்க்கு ஒரு மிஷின், ஈர மாவுக்கு ஒரு மிஷின் தனியாக வைத்திருப்பார்கள். ஆனால் ராகி, கம்பு, சோளம் மூன்றும் கோதுமை அரைக்கும் மிஷினில்தான் போகும். "ஒரு கிலோ அரிசி போட்டு ஓட்டிவிட்டு நம்முடையதை அரையுங்கள்" என்று கேட்டுக்கொண்டால் கலப்பு குறையுமே தவிர, முழுக்கப் போகாது. சீலியாக் இருக்கும் வீட்டுக்கு மிக்ஸிதான் சரி.

இடியாப்ப மாவுக்கு அரை கிலோ பச்சரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். இரவு முழுக்க ஊறினால் புளிப்பு வாடை வந்துவிடும். தண்ணீரை வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் இருபது முப்பது நிமிடம் விடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டை போலப் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். அதைவிட ஈரமாக இருந்தால் பிளேடைச் சுற்றி அப்பிக்கொண்டு மிக்ஸி சூடாகும். அதிகமாகக் காய்ந்திருந்தால் மாவு நறநறவென்று இருந்து, இடியாப்பம் அச்சிலேயே அறுந்து விழும்.

ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், விட்டு விட்டு ஓட்டி, சலித்து, கப்பியை அடுத்த ஈட்டோடு சேர்த்து அரையுங்கள். பிறகு அடிகனமான வாணலியில் சிறு தீயில் வறுங்கள். மாவை விரலால் எடுத்துக் கோலம் போட்டால் இழை அறாமல் வர வேண்டும், நிறம் மாறக் கூடாது. ஆறியதும் டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துப் பயன்படுத்தலாம். சல்லடை மட்டும் புதிதாக இருக்கட்டும். கோதுமை மாவு சலித்த சல்லடையை எவ்வளவு தேய்த்தாலும் கண்களில் மாவு ஒட்டியிருக்கும்.

ராகி, கம்பு, தினை, சாமை போன்றவற்றில் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. மளிகைக் கடையில் கோதுமை மூட்டைக்குப் பக்கத்து மூட்டையில் இருந்து அதே அள்ளுகரண்டியால் அள்ளுவதுதான் பிரச்சினை. உதிரியாக வாங்காமல் பாக்கெட்டாக வாங்குங்கள். முறத்தில் புடைத்து, கல் பொறுக்குவதுபோல நீளமான பழுப்பு மணிகளைப் பொறுக்கிவிட்டுக் கழுவுங்கள். பருப்பு வகைகளுக்கும் இதேதான்.

கேள்வி: நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணீர் குடிக்கலாமா? ஓட்ஸ் கஞ்சி?
— வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: பார்லி கூடவே கூடாது, வடிகட்டிய தண்ணீரும் வேண்டாம். நீர்மோரும் இளநீரும் இருக்கின்றன. ஓட்ஸ் கொஞ்சம் சிக்கலானது. அதன் புரதம் வேறு, பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்தே வருவதால் சாதாரண ஓட்ஸ் ஆகாது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட ஓட்ஸைக்கூட, நோய் கட்டுப்பாட்டுக்கு வந்த பிறகு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள்.

கேள்வி: எனக்கு 28 வயது. அடிக்கடி வயிற்றுப்போக்கு, உடம்பில் ரத்தமும் குறைவு. இணையத்தில் படித்துவிட்டு மூன்று மாதமாகக் கோதுமையை விட்டுவிட்டேன், உடம்பு தேவலை. இப்போது மருத்துவர் சீலியாக் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். தேறிய பிறகு டெஸ்ட் எதற்கு?
— வாசகர், வேளச்சேரி

பதில்: இப்போது எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்றே வரக்கூடும் தம்பி. டிடிஜி ஐஜிஏ என்ற அந்த ரத்தப் பரிசோதனை, குளூட்டனுக்கு எதிராக உடல் கிளம்பும்போது உருவாகும் எதிர்ப்பொருளை அளக்கிறது. கோதுமையை நிறுத்தினால் அதுவும் அடங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அதனால் மருத்துவரின் கண்காணிப்பில், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை இருக்கும்படி ஆறு வாரம் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதிப்பது வழக்கம். தொந்தரவு தாங்க முடியாமல் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு வாரம் ஓட்டாதீர்கள், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக இருக்கும். அவர்களுக்கு டிடிஜி பொய்யாக இயல்பு காட்டும். ரத்தத்தில் தெரிந்தால், எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் நான்கைந்து இடங்களில் திசு எடுத்துப் பார்ப்பார்கள். சேதம் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரே துண்டு போதாது.

டெஸ்ட் எதற்கு என்றால், கோதுமை வெறுமனே ஒத்துக்கொள்ளாதவர் எப்போதாவது ஒரு பரோட்டா தின்றால் ஒரு நாள் வயிறு உப்பும், அத்தோடு சரி. சீலியாக் உள்ளவருக்கு வலி தெரியாவிட்டாலும் குடல் சிதையும், எலும்பு தேயும், ரத்தம் குறையும். வாழ்நாள் முழுக்கப் பெருங்காயம் வரை பார்த்துப் பார்த்துச் சாப்பிட வேண்டுமா, வேண்டாமா என்பதை உறுதியாகத் தெரிந்துகொள்வது நல்லது. நம் பக்கம் வட இந்தியாவைவிட இந்த நோய் மிகக் குறைவுதான். அதனாலேயே வெறும் ரத்தசோகை என்று மாத்திரையோடு வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறவர்களும் உண்டு.

கேள்வி: கூட்டுக் குடும்பம். மாமனாருக்குச் சர்க்கரை, ராத்திரி சப்பாத்திதான். எனக்குச் சீலியாக். ஒரே அடுக்களையில் எப்படிச் சமாளிப்பது?
— வாசகி, மாம்பலம்

பதில்: சமாளிக்கலாம். முதலில் உங்கள் சமையலை முடித்து மூடி வைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் கோதுமை மாவு டப்பாவைத் திறக்க வேண்டும். உலர்ந்த மாவு பறந்து நெடுநேரம் காற்றில் நின்று, திறந்திருக்கும் பாத்திரத்தில் படியும்.

தோசைக்கல் உங்களுக்குத் தனியாக வேண்டும். பழகிய இரும்புக் கல்லில் எண்ணெய் இறுகிப் படிந்த கறுப்புப் படலம் இருக்கும் அல்லவா, சப்பாத்தி மாவு அதில்தான் உட்கார்ந்துகொள்ளும். கழுவினால் போகாது. அதுபோலவே சப்பாத்திப் பலகை, மரக்கரண்டி, சல்லடை, கீறல் விழுந்த நான்ஸ்டிக் எல்லாம் தனி. எவர்சில்வர் பாத்திரங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் பொதுவாகவே புழங்கலாம், ஆனால் தேய்க்கும் நார் உங்களுக்கு வேறு. மிக்ஸி ஜாரைக் கழுவும்போது பிளேடுக்கு அடியில் உள்ள வாஷரைக் கழற்றிப் பாருங்கள். அந்த வளையத்தின் உள்விளிம்பில் பழைய மாவு களிம்புபோல ஒட்டிக்கொண்டிருக்கும். இட்லி மாவு மட்டும் ஆட்டும் கிரைண்டரில் பயமில்லை. என்றைக்காவது அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்திருந்தால் குழவியையும் கல்லையும் கழற்றித் தேய்த்துவிடுங்கள்.

நெய், வெண்ணெய், ஊறுகாய் ஜாடிகளில் சப்பாத்தி தொட்ட ஸ்பூன் இறங்கும். உங்களுக்கென்று ஒரு சின்ன டப்பாவில் முன்னாலேயே எடுத்து வைத்து, மூடியில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். இதெல்லாம் உங்கள் மருந்து என்று மாமியாரிடம் மருத்துவர் வாயாலேயே சொல்லச் செய்தால் வீட்டில் மனஸ்தாபம் வராது.

மாமனாரிடமும் ஒரு வார்த்தை. அரிசிச் சோறானாலும் சப்பாத்தியானாலும் சர்க்கரைக்கு அளவுதான் முக்கியம்.

கேள்வி: ஓட்டலிலும் கல்யாண வீட்டிலும் எதை நம்பிச் சாப்பிடுவது?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: "குளூட்டன் ஆகாது" என்று சொன்னால் பரிமாறுபவருக்குப் புரியாது. "கோதுமை ஆகாது" என்றால் சப்பாத்தி மட்டும் தராமல் இருப்பார். மைதா மரவள்ளிக் கிழங்கில் இருந்து வருகிறது என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் ஏராளம். ரவையும் சேமியாவும் கோதுமை என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. அதனால் பெயர் சொல்லியே கேளுங்கள்: "கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் துளிகூட ஆகாது, அலர்ஜி. அது பட்ட கரண்டியும் ஆகாது." பரிமாறுபவரைவிட சமையல் மாஸ்டரிடம் நேரே கேட்பது நல்லது.

ஓட்டலில் தோசை வேண்டாம். மாவு அரிசியும் உளுந்தும்தான், ஆனால் கல் ஒன்றுதான். ரவா தோசை வார்த்து, சப்பாத்தி போட்டு, அதே துடைப்பத்தால் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு உங்கள் தோசையை ஊற்றுவார்கள். வடை பொரியும் எண்ணெயில்தான் பூரியும் பொரிகிறது. காலையில் ஆவி பறக்க எடுக்கும் இட்லி பரவாயில்லை, தாளிக்காத தேங்காய்ச் சட்னி கிடைத்தால் தொட்டுக்கொள்ளுங்கள். சாம்பாரில் பெருங்காயம் இருக்கிறது. குருமாவைக் கெட்டியாக்க மைதா கரைத்து ஊற்றுவதும் உண்டு. சிக்கன் 65, கோபி மஞ்சூரியன், சோயா சாஸ் பட்ட எதுவும் கூடாது. வெள்ளைச் சோறு, தாளிக்காத தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம் இவற்றோடு, பையில் ஒரு டப்பா வீட்டுப் பருப்புப் பொடி இருந்தால் எந்த ஊருக்கும் போய் வரலாம்.

கல்யாணத்தில் வாழையிலை நமக்குச் சாதகம், தட்டைப் பற்றிய கவலை இல்லை. முதல் பந்தியிலேயே உட்காருங்கள், கரண்டிகள் அப்போதுதான் கலக்காமல் இருக்கும். ஜாங்கிரி உளுந்து, பாதுஷா மைதா. பால் பாயசம், பருப்புப் பாயசம் சாப்பிடலாம், சேமியா பாயசம் கூடாது. அல்வா என்றால் பெரும்பாலும் கோதுமைதான்.

கேள்வி: எங்கள் பங்கு ஆலயத்தில் பூசையின்போது தரும் நற்கருணை அப்பம் வாங்கலாமா? சின்னத் துண்டுதானே?
— வாசகி, சாந்தோம்

பதில்: கால் கிராம் எடையுள்ள அப்பத்திலும் சுமார் 20 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும், சகோதரி. வாராவாரம் வாங்குவது சரியல்ல. கத்தோலிக்கத் திருச்சபையில் கோதுமையே இல்லாத அப்பத்துக்கு இடமில்லை. ஆனால் குளூட்டன் மிகவும் குறைக்கப்பட்ட அப்பத்துக்கும், திராட்சை இரசத்தை மட்டும் பருகுவதற்கும் அனுமதி உண்டு. ரோமில் இருந்து 2003இலும் 2017இலும் வந்த கடிதங்களில் இது தெளிவாக இருக்கிறது. பங்குத்தந்தையிடம் பேசுங்கள். இரசத்துக்கு, அப்பத் துண்டு இடப்படாத தனிக் கிண்ணம் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு வருடமாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஹீமோகுளோபின் 9ஐத் தாண்டவில்லை. பால் குடித்தாலும் வயிறு கலக்குகிறது.
— வாசகி, தாம்பரம்

பதில்: இரும்புச் சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில். சீலியாக் முதலில் தாக்குவதும் அதே இடத்தை. குடல் ஆறும்வரை மாத்திரை பாதிக்குப் பாதி வீணாகலாம். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். காபி, டீ, சுண்ணாம்புச் சத்து மாத்திரை மூன்றுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி கொடுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் ஊசிவழி இரும்பு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி மூன்றையும் பரிசோதித்து, எலும்பு அடர்த்தியும் எடுத்துப் பாருங்கள். ஒரு வருடமாகியும் ஏறவில்லை என்றால் எங்கேயோ குளூட்டன் உள்ளே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். கொளத்தூர் வாசகிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பாலைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் சுரக்கிறது. நுனி சிதைந்தால் பால் செரிக்காது. குடல் ஆறினால் பலருக்கு இது சரியாகிவிடும். அதுவரை தயிர், மோர் எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ராகிக் கூழ், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை எல்லாம் உங்களுக்காகவே இருக்கின்றன.

கேள்வி: எனக்கு இருந்தால் என் பிள்ளைகளுக்கும் வருமா?
— வாசகர், போரூர்

பதில்: தொற்று நோய் அல்ல, ஆனால் பரம்பரைத் தொடர்பு உண்டு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு இருக்க வாய்ப்புண்டு. தொந்தரவு இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனை முடியும்வரை அவர்கள் கோதுமையை நிறுத்தக் கூடாது.

கேள்வி: சப்பாத்தி சாப்பிட்டு வளர்ந்தவன். சோள ரொட்டி முயன்றால் விரிந்து உடைகிறது. எப்படிச் செய்வது?
— வாசகர், சௌகார்பேட்டை

பதில்: கோதுமை மாவை இழுத்தால் நீளுவது குளூட்டனால்தான். சோளத்தில் அது இல்லாததால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஒட்டாது. கொதிநீர் ஊற்றினால் மாவுச்சத்து வெந்து பசையாகிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கப் வெள்ளைச் சோள மாவு எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் சோள மாவு என்று கேட்டால் கார்ன்ஃப்ளவரைத் தருவார்கள், அது வேறு. முக்கால் கப் தண்ணீரில் உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கும்போது மாவில் ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் உள்ளங்கையால் தேய்த்துப் பிசையுங்கள். இன்னும் விரிந்தால் ஒரு டீஸ்பூன் இசப்கோல் சேர்க்கலாம். எலுமிச்சை அளவு உருண்டையை வாழையிலையில் வைத்து, நனைத்த விரலால் ஓரத்தை அணைத்தபடி தட்டுங்கள். நன்றாகக் காய்ந்த கல்லில் போட்டு, மேல்பக்கம் ஈரத்துணியால் ஒற்றி, அது காய்ந்ததும் திருப்புங்கள். பழைய மாவு எவ்வளவு பிசைந்தாலும் விரியும், அரைத்த பதினைந்து நாளுக்குள் பயன்படுத்துங்கள். பிசைந்ததை ஆறவிடாமல் அப்போதே சுட்டுவிட வேண்டும்.